பல்சமயக் குழுவும் ஊர் அமைதியும்

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா 28 நாள் நடைபெற்ற செய்தியை மணிமேகலை கூறுகிறது. விழாத் தொடங்குமுன் யானையின் பிடரியில் முரசை ஏற்றி, முரசறைவோன் நகரெங்கும் அறிவிக்கிறான். தெருக்களை அழகு செய்யுங்கள், பழுதுற்ற இடங்களைப் புதுக்குங்கள் என்பவற்றோடு அவன் நின்றுவிடவில்லை. சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையோடு அமர்ந்து வாதிடுக என்கிறான். பகைவரைக் காண நேர்ந்தாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்கிறான்.

இவ்வறிவிப்பு எப்போது செய்யப்பட்டது என்பது கருதத்தக்கது. பூசல் மூண்ட பின்னர் அன்று. மக்கள் கூடுவதற்கு முன்னரே செய்யப்பட்டது. பல சமயத்தார் கூடி வாழும் ஊரில் அமைதிக்கான ஏற்பாடு அமைதி நிலவும் நாளிலேயே செய்யப்பட வேண்டும் என்பதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர். இக்காலத்தில் அந்த ஏற்பாட்டிற்குப் பல்சமயக் குழு என்று பெயர். அஃது எவ்வாறு பயன்படுகிறது, எங்கே தவறுகிறது என்பதைச் சிங்கப்பூரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அண்டையில் இருத்தல் போதுமா?

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு அருகிலேயே சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல் நிற்கிறது. தெலுக் ஆயர் தெருவில் சீனர் கோயிலும் நாகூர் தர்காவும் அருகருகே உள்ளன. வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அண்டை வீடுகள். இரண்டிலும் ஊதுவத்தி ஏற்றி வணங்கும் சீனப் பெருமக்களை இன்றும் காணலாம். பினாங்கிலும் இத்தகைய தெரு ஒன்று உண்டு.

இவை கண்ணுக்கினிய காட்சிகளே. ஆயினும் வழிபாட்டிடங்கள் அண்டையில் இருப்பதனாலேயே அமைதி நிலைத்துவிடும் என்று எண்ணுவது தவறாகும். இக்கட்டடங்கள் யாவும் நின்றுகொண்டிருந்த காலத்திலேதான் அந்நகரில் சமயத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் குருதி சிந்தப்பட்டது. கட்டடங்கள் அறிமுகமாவது வேறு. அவற்றுள் வழிபடும் மனிதர்கள் அறிமுகமாவது வேறு.

1949: தலைவர்கள் கூடினர்

1949ஆம் ஆண்டில் இந்தியாவின் மீரட் நகரைச் சேர்ந்த இசுலாமியச் சமய அறிஞர் மௌலானா அப்துல் அலீம் சித்தீக்கி சிங்கப்பூருக்கு வருகை தந்தார். உலகப் போர் முடிந்து நான்காண்டுகூட நிறையவில்லை. சமயத் தலைவர்கள் ஒன்று கூடி அமைதிக்கு உழைக்க வேண்டும் என்ற அவரது தூண்டுதலின் பயனாக, அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் சமயங்களுக்கிடையிலான அமைப்பு அங்குத் தோன்றியது. பிரிட்டிஷ் தலைமை ஆணையராக இருந்த மால்கம் மெக்டொனால்டும் அதற்கு ஆதரவு நல்கினார். இன்று இந்து, பௌத்த, தாவோ, இசுலாமிய, கிறித்துவ, சீக்கிய, சமண, யூத, ஜொராஸ்ட்ரிய, பஹாய் என்னும் பத்துச் சமயத்தார் அதில் இடம்பெற்றுள்ளனர்.

இவ்வமைப்பின் வழிபாட்டு முறை குறிப்பிடத்தக்கது. பொது நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு சமயத்தின் பேராளரும் தத்தம் முறைப்படி, தத்தம் மொழியில், ஒருவர் பின் ஒருவராக வேண்டுதல் செய்வர். எல்லாவற்றையும் கலந்து புதிய சமயம் ஒன்றை ஆக்குவதில்லை. ஒருவர் வழிபடும்போது மற்றவர் மரியாதையோடு அமைதி காப்பர், அவ்வளவே. கொள்கையில் ஒன்றுபடாமலே பண்பில் ஒன்றுபடலாம் என்பதற்கு இதனைவிட எளிய பாடம் வேண்டுவதில்லை.

ஆயினும் அடுத்த ஆண்டே பெருஞ் சோதனை வந்தது. டச்சுக் கத்தோலிக்கப் பெற்றோர்க்குப் பிறந்து, மலாய் அம்மையார் ஒருவரால் இசுலாமியப் பெண்ணாக வளர்க்கப்பட்டவள் மரியா ஹெர்டோக். அச்சிறுமி யாரிடம் சேர வேண்டும் என்ற வழக்கில், பெற்ற தாய்க்கே உரிமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுமி கிறித்துவக் கன்னியர் மடத்தில் தங்க வைக்கப்பட்டாள். அங்கு எடுக்கப்பட்ட படங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. 1950 டிசம்பர் 11ஆம் நாள் கலவரம் மூண்டது. 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர்.

ஒன்றே முக்கால் ஆண்டுப் பருவமே எய்தியிருந்த அமைப்பு இதனைத் தடுக்க இயலவில்லை. காரணம் தெளிவு. தலைவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர். தெருவில் நின்றவர்கள் அறிந்திருக்கவில்லை. மேலே கூரை போடப்பட்டது. கீழே சுவர் எழவில்லை.

1964: தொகுதிகளில் குழுக்கள்

அடுத்த சோதனை 1964இல் வந்தது. சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு மாநிலமாக இருந்தது. ஜூலை 21ஆம் நாள் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்க்கும் சீனர்க்குமிடையே மோதல் தொடங்கிப் பல பகுதிகளுக்கும் பரவியது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தொகுதிதோறும் பல இனப் பெரியோர்களைக் கொண்ட நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அச்சத்தைப் போக்குவதும், வதந்தியைத் தடுப்பதும், மக்களிடையே மீண்டும் நம்பிக்கையை உண்டாக்குவதும் அவற்றின் பணி.

இம்முறை கூரையன்று, சுவரே எழுப்பப்பட்டது. ஆனால் தீப்பற்றிய பின்னர் எழுப்பப்பட்டது. ஆகவே செப்டம்பரில் மீண்டும் கலவரம் மூண்டு, 13 பேர் மாண்டனர். 106 பேர் காயமுற்றனர். குழுவினர்மீது குற்றம் காண்பதற்கில்லை. நம்பிக்கை என்பது ஆறு வாரத்தில் விளையும் பயிரன்று என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

மேலும் கீழும் இணைதல்

1990இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பகை வளர்க்கும் பேச்சைத் தடுக்கச் சட்டம் வேண்டுவதே. ஆனால் சட்டம் தீமையைத் தடுக்கும், நட்பை வளர்க்காது. 2001ஆம் ஆண்டு இறுதியில் பயங்கரவாதச் சதி ஒன்று வெளிப்பட்டபோது, முஸ்லிம்கள் அனைவரையும் ஐயத்தோடு நோக்கும் நிலை வந்துவிடுமோ என்ற கவலை எழுந்தது. எனவே 2002இல் தொகுதிதோறும் இன நம்பிக்கைக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. பின்னர்ச் சமயமும் அவற்றின் பெயரில் சேர்ந்தது. இன்று அவை இன, சமய நல்லிணக்கக் குழுக்கள் எனப்படுகின்றன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சங்கம் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் இவற்றில் அமர்கின்றனர்.

இதன் பயன் 2021இல் விளங்கியது. கிறிஸ்ட்சர்ச் நகரத்துப் பள்ளிவாசல் படுகொலையைப் பின்பற்றிச் சிங்கப்பூரில் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவன் தடுத்து வைக்கப்பட்ட செய்தி அவ்வாண்டு ஜனவரியில் வெளியிடப்பட்டது. அவன் கிறித்துவ சமயத்தவன், இந்திய இனத்தவன். 1950இல் ஒரு சிறுமியின் வழக்கு நகரையே எரித்தது. 2021இலோ கிறித்துவத் தலைவர்கள் அச்செயலைக் கண்டித்தனர். முஸ்லிம் தலைவர்கள் ஒருவன் குற்றத்தை அவன் சமயத்தின்மேல் ஏற்றலாகாது என்றனர். தெருவில் ஒரு கல்லும் எறியப்படவில்லை. காவல் துறையின் விழிப்பும் இதற்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் செய்தி வந்த அன்று யாரை அழைத்துப் பேசுவது என்று தலைவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் முன்னரே பழகியிருந்தனர்.

ஊர்க் குழு செய்யத்தக்கன

ஊர்க் குழு ஒன்று அமைப்பார் கருத்திற் கொள்ளத்தக்கவை சில உள.

முதலாவது, கொள்கை வாதம் கூடாது. எந்தச் சமயம் உயர்ந்தது என்ற பேச்சு எழுந்த அன்றே குழு கலைந்துவிடும். சமய மாற்றப் பணிக்கும் அங்கு இடமில்லை.

இரண்டாவது, சிறு வேலைகளிலிருந்து தொடங்க வேண்டும். கோயில் ஊர்வலம் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைக் கடக்க நேருமாயின், அரைமணி முன்போ பின்போ புறப்படலாம். பள்ளிவாசலுக்கு அருகில் மேளத்தை நிறுத்தலாம். திருவிழா நாளில் வண்டிகள் நிறுத்தப் பள்ளிவாசல் திடலைக் கேட்கலாம். பெருநாளன்று கோயில் திடலைத் தரலாம். இவை அற்பமாகத் தோன்றும். ஆனால் பெரும் பூசல்கள் பலவும் ஒலி, வழி, இடம் ஆகிய இம்மூன்றிலேதான் தொடங்குகின்றன.

மூன்றாவது, விருந்தில் கவனம் வேண்டும். ஹலால் உணவுக்கும் மரக்கறி உணவுக்கும் தனித்தனிப் பாத்திரமும் கரண்டியும் வைத்தால், எல்லாரும் ஒரே பந்தலில் ஐயமின்றி அமர்வர்.

நான்காவது, வதந்தியை விசாரிக்கும் வழக்கம் வேண்டும். இக்காலத்தில் பொய்ச் செய்தி கைப்பேசி வழியே ஊரைச் சுற்றிவரச் சில நிமிடமே போதும். கோயிலில் சிலை உடைக்கப்பட்டது என்றோ பள்ளிவாசல் இழிவு செய்யப்பட்டது என்றோ செய்தி வந்தால், அதனை மற்றவர்க்கு அனுப்புமுன் அவ்விடத்துப் பொறுப்பாளரையே கேட்க வேண்டும். கேட்பதற்கு அவருடைய எண் கையில் இருத்தல் வேண்டும். எண் இருந்தால் மட்டும் போதாது, குரலும் பழகியிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, தலைவர்கள் மட்டும் கூடினால் 1949இன் குறையே மீண்டும் நேரும். பெண்களும் இளைஞர்களும் குழுவில் இடம்பெற வேண்டும்.

மலேசியாவும் தமிழ்ப்பள்ளியும்

மலேசியா 1969 மே 13 நிகழ்ச்சியின் துயரத்தை அறிந்த நாடு. 1970இல் வகுக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற் கோட்பாடு இறைவன்மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். 1983இல் பௌத்த, கிறித்துவ, இந்து, சீக்கிய சமயங்களின் ஆலோசனை மன்றம் தோன்றியது. தாவோ சமயம் பின்னர்ச் சேர்ந்தது. இம்மன்றத்தில் இசுலாம் இடம்பெறவில்லை. ஆதலின் முஸ்லிம் அண்டையாரோடு பழகுவதற்கு ஊர் மட்ட முயற்சியே பெரிதும் வேண்டப்படுகிறது. 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா அதற்கு ஏற்ற களம். தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவரும் அருகிலுள்ள கம்பத்துச் சூராவின் இமாமும் இரவுக் காவலில் ஒருமுறை சேர்ந்து நடந்தால், பத்துச் சொற்பொழிவுகளின் பயன் அதில் விளையும்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பங்கு உண்டு. வேறு பாடங்களுக்கு இல்லாத வாய்ப்பு தமிழ்ப் பாடத்திற்கு உள்ளது. மணிமேகலை பௌத்தம் போற்றும் நூல்; சீவக சிந்தாமணி சமணர் தந்தது; சீறாப்புராணம் உமறுப்புலவர் பாடியது; தேம்பாவணி இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இயற்றியது. இவற்றைத் தேர்வுக்குரிய பெயர்ப்பட்டியலாக ஒப்புவிக்கச் செய்வதில் பயனில்லை. பல சமயத்தார் சேர்ந்து கட்டிய வீடு தமிழ் என்று மாணவன் உணரும்படி கற்பித்தல் வேண்டும். ‘அவர்கள்’ என்று ஓர் இனத்தையே சுட்டி மாணவன் பழித்துப் பேசும்போது, ‘எவர்? பெயர் என்ன?’ என்று ஆசிரியர் கேட்டால் போதும். பெயர் அறிந்த ஒருவரை வெறுப்பது எளிதன்று.

முரசு அறைய வேண்டிய நாள் விழாவிற்கு முந்திய நாள். ஊரில் பூசல் இல்லாத இந்நாளே குழு அமைப்பதற்கு ஏற்ற நாளாகும்.