எல்லையில் நின்றுபோகும் வழிகள்

புதிய கிளை அலுவலகத்தின் ரவுட்டர் பக்கத்து ரவுட்டரோடு ஒழுங்காகப் பேசுகிறது. கேபிளில் குறையில்லை. திரையில் ‘நெய்பர்’ நிலை ‘ஃபுல்’ என்றே காட்டுகிறது. ஆனால் தலைமை அலுவலகத்து சர்வரை எட்ட முடியவில்லை. அதற்கான வழி ரூட்டிங் டேபிளில் இல்லவே இல்லை. பெரிய நெட்வொர்க்குகளைப் பராமரிப்பவர்களைத் திணறடிக்கும் கோளாறு இது. எந்தக் கருவியும் பழுதாகவில்லை, எந்த விளக்கும் சிவப்பாக எரியவில்லை என்பதால்தான் காரணத்தைப் பிடிக்க நேரமாகிறது.

நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் உள் நெட்வொர்க்கில் வழி கண்டறியப் பரவலாகப் பயன்படுத்தும் நெறிமுறை ஓஎஸ்பிஎஃப். ஜான் மோய் எழுதிய அதன் முதல் வரையறை 1989இல் வந்தது. இன்றும் நடைமுறையில் உள்ள இரண்டாம் பதிப்பின் ஆவணமான ஆர்எஃப்சி 2328, 1998 ஏப்ரலில் வெளியானது. தன்னிடம் எந்தெந்த இணைப்புகள் உள்ளன, ஒவ்வொன்றின் ‘காஸ்ட்’ என்ன என்று ஒவ்வொரு ரவுட்டரும் ஓர் அறிவிப்பு எழுதிப் பரப்பும். இதற்கு எல்எஸ்ஏ என்று பெயர். எல்லா அறிவிப்புகளையும் சேர்த்தால் நெட்வொர்க்கின் முழு வரைபடம் ஒவ்வொரு ரவுட்டரிடமும் உருவாகிவிடும். அதில் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்க, டச்சு கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்குமுறை உதவுகிறது.

ரவுட்டர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினால் இந்த ஏற்பாடு கனத்துவிடும். ஏதோ ஒரு மூலையில் ஓர் இணைப்பு அறுந்தாலும் எல்லோரும் கணக்கை மறுபடி போட வேண்டும். அதனால் நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரிக்கிறார்கள். சொந்த ஏரியாவைப் பற்றி ஒரு ரவுட்டரிடம் இருப்பது தெருத்தெருவாக வரைந்த படம். பிற ஏரியாக்களைப் பற்றி இருப்பதோ மைல்கல் மட்டும். ‘அந்த ஊர் இந்தப் பக்கம், இவ்வளவு தூரம்’ என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. இந்த மைல்கற்களை நடுவது ஏபிஆர் எனப்படும் எல்லை ரவுட்டர். அறிவிப்புகளில் இவை மூன்றாம் வகை.

மைல்கல் என்பது பிறர் சொல்லக் கேட்ட செய்தி. கேட்டதை ஆளாளுக்குத் திருப்பிச் சொன்னால், ஒருவர் வழியை மற்றவர் நம்பி இருவரும் சுழற்சியில் மாட்டிக்கொள்வார்கள். இதைத் தடுக்கவே ஓஎஸ்பிஎஃப் ஒரு கண்டிப்பான விதியை வைத்திருக்கிறது: ஏரியாக்களுக்கு இடையிலான செய்தி பேக்போன் எனப்படும் ஏரியா 0 வழியாகத்தான் போக வேண்டும். பேக்போனில் இணைந்த எல்லை ரவுட்டர், வேறு ஏரியாவிலிருந்து வரும் மூன்றாம் வகை அறிவிப்பைக் கணக்கில் எடுக்காது.

தொடக்கத்தில் சொன்ன கிளைக்கு வருவோம். தலைமை அலுவலகம் ஏரியா 0. பழைய கிளை ஏரியா 1. புதிய கிளைக்குத் தலைமையிடம் வரை கேபிள் இழுக்க வசதியில்லாததால், பழைய கிளையோடு இணைத்து ஏரியா 2 என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏரியா 1, 2 இரண்டையும் தொடும் ரவுட்டர் எல்லையில் நிற்கிறது. ஆனால் பேக்போனை அது தொடவில்லை. எனவே ஏரியா 2இன் செய்தி ஏரியா 0க்குப் போகாது, அங்கிருந்து எதுவும் இங்கு வராது. நெய்பர் உறவு ‘ஃபுல்’ ஆக இருப்பது இந்த விதியை மாற்றாது.

அனுபவமுள்ளவர்கள் இத்தகைய கோளாறில் செய்தி எந்த இடத்தில் நின்றது என்றுதான் தேடுவார்கள். முதலில் நெய்பர் பட்டியல். ஹலோ நேரம், ஏரியா எண், ஸ்டப் (வெளி வழிகளை ஏற்காத ஏரியா) அமைப்பு ஆகியவை இருபுறமும் ஒத்துப்போகாவிட்டால் உறவே உண்டாகாது. ஈதர்நெட்டில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ, 40 விநாடி வராவிட்டால் நெய்பர் இறந்ததாகக் கணக்கு என்பது வழக்கமான அமைப்பு. எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் உறவு திரும்பத் திரும்பச் சிக்கினால் பெரும்பாலும் இருபக்க எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, வேறுபடுகிறது. லேனில் சில ஜோடிகள் ‘டூ-வே’யிலேயே நிற்பது மட்டும் இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்து, வந்த அறிவிப்புகள் சேரும் டேட்டாபேஸ். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வழி தெரியவில்லை என்றதும் ரூட்டிங் டேபிளையே உற்றுப் பார்க்கிறார்களே தவிர, அந்த மூன்றாம் வகை அறிவிப்பு டேட்டாபேஸுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. வரவில்லை என்றால் எல்லை ரவுட்டரில் தேட வேண்டும்: யாரோ போட்ட ஃபில்டரா, பேக்போன் தொடர்பு அறுந்ததா, அல்லது மூன்றாம் வகையையே நிறுத்தி டிஃபால்ட் வழியை மட்டும் விடும் டோட்டலி ஸ்டப்பி ஏரியாவா? வந்தும் டேபிளில் ஏறவில்லை என்றால் கணக்கில் தடை. ஒரே இலக்குக்குச் சொந்த ஏரியாவுக்குள் ஒரு வழி இருந்தால், அதன் காஸ்ட் எவ்வளவு அதிகமானாலும் ஓஎஸ்பிஎஃப் அதையே தேர்ந்தெடுக்கும்.

டேட்டாபேஸில் ஒவ்வொரு அறிவிப்பின் பக்கத்திலும் வரிசை எண், வயது என இரண்டு எண்கள் உண்டு. அவற்றின் அவசியத்தை உணர்த்தியது இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட். 1980 அக்டோபர் 27 அன்று அந்த நெட்வொர்க் பல மணி நேரம் முடங்கியது. ஒரு கணுவின் பழுதால் நிலைச் செய்தியின் வரிசை எண்ணில் பிட்டுகள் உதிர்ந்து, ஒரே செய்திக்கு 44, 40, 8 என்று மூன்று எண்கள் உண்டாயின. எண்கள் வட்டமாகச் சுழலும் அமைப்பில் 44, 40ஐவிடப் புதியது. 40, 8ஐவிடப் புதியது. 8 மறுபடி 44ஐவிடப் புதியது. ஆகவே மூன்றும் ஓயாமல் பரவின. எரிக் ரோசன் இதை ஆர்எஃப்சி 789இல் விரிவாக எழுதினார். ஓஎஸ்பிஎஃப் வட்ட எண்ணைக் கைவிட்டு, 32 பிட்டில் நேராக ஏறும் எண்ணைக் கொண்டது; அறிவிப்பின் வயதுக்கு 3,600 விநாடி வரம்பு வைத்தது.

அந்த எண்கள் கோளாறு தேடுவோருக்கும் பயன்படும். அமைதியான நெட்வொர்க்கில் ஓர் அறிவிப்பு அரை மணிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். வரிசை எண் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஏறினால் ஏதோ ஓர் இணைப்பு விட்டுவிட்டு அறுகிறது, அல்லது ஒரே ஏரியாவில் இரண்டு ரவுட்டர்களுக்கு ஒரே ஐடி இருக்கிறது.

புதிய கிளையின் சிக்கலுக்கு உடனடி மருந்து உண்டு: ஏரியா 1 ஊடாக வெர்ச்சுவல் லிங்க் போட்டு எல்லை ரவுட்டரை பேக்போனோடு சேர்த்துவிடலாம், ஏரியா 1 ஸ்டப் ஆக இல்லாத வரை. ஆனால் அதை நிரந்தரமாக விட்டுவைப்பது தவறு. ஏரியா 1இல் நேரும் ஒவ்வொரு தடுமாற்றமும் ஏரியா 2ஐயும் சேர்த்து இழுத்துவிடும். புதிய கிளைக்கு நேரடி இணைப்பு கிடைக்கும்வரை, அதை ஏரியா 1இன் உறுப்பாகவே வைத்திருப்பதுதான் எளிய, நல்ல தீர்வு.