பல் மருத்துவ உதவியாளர் பயிற்சி: வரவும் செலவும்

எஸ்.பி.எம். தேர்வு எழுதிய பிள்ளைகளைப் பல் மருத்துவ உதவியாளர் சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்க்க விழையும் பெற்றோர், நகையை அடகு வைக்குமுன் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

கட்டணம் மட்டுமே செலவன்று. தங்குமிடம், உணவு, போக்குவரத்து ஆகியவையும், பயிலுங்காலத்தில் இழக்கும் ஊதியமும் செலவேயாகும். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அத்தகைய வேலையை விட்டு ஓராண்டு பயில்வோர் இழப்பது 20,400 வெள்ளி. கட்டணமும் பிறவும் 9,000 வெள்ளி எனக் கொண்டால், மொத்தம் 29,400 வெள்ளியாகும்.

பயிற்சிக்குப் பின் மாதம் 2,200 வெள்ளி கிடைப்பதாகக் கொள்வோம். கூடுதல் வரவு 500 வெள்ளியே. போட்ட முதல் திரும்ப 59 மாதங்கள் ஆகும். நட்ட ரப்பர் கன்று பால் தருவதற்கும் ஏறத்தாழ அத்தனை காலம் வேண்டும். அதன் பின்னர் வருவது ஆதாயம். ஆனால் குறைந்தபட்சச் சம்பளமே கிடைக்குமாயின் முதல் திரும்பாது.

ஆகவே, பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டியவை மூன்று. சான்றிதழ் அரசாங்க அங்கீகாரம் பெற்றதா? முன்னர் அங்குப் பயின்றோர் இன்று என்ன சம்பளம் பெறுகின்றனர்? சான்றிதழின்றியே வேலைக்கு எடுத்துப் பழக்கும் பல் மருத்துவ நிலையம் அருகில் உண்டா? மூன்றாம் வினாவுக்கு ‘ஆம்’ என்பது விடையாயின், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.