கொடியின் கை

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, குடியானவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய பெண் இவ்வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியவள். தாவர சாஸ்திரம் படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. தகப்பனாரோ அவளுடைய சான்றிதழை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். "மேலே படிக்க வைக்கவில்லையா?" என்று கேட்டோம். "எதற்கு, ஐயா? பெண் பிள்ளை கொடி மாதிரி. காலாகாலத்தில் ஒரு கொழுகொம்பில் படரவிட்டால் எங்கள் கவலை தீர்ந்தது" என்றார்.

அவர் பேச்சில் கொடுமை ஒன்றுமில்லை. பெண்ணிடம் உள்ள வாஞ்சைதான் அப்படிப் பேசிற்று. அந்த உவமையும் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. கொழுகொம்பற்ற கொடி என்பது நம் நாட்டில் ஆதரவற்றவர்களைக் குறிக்க வழங்கும் பழைய வாசகம். கொடி என்றால் துவளும், நடுங்கும், யாராவது கொம்பு நட்டால் பிழைக்கும் என்பதே அதன் பொருள். தமிழாசிரியர் என்ற முறையில் இருபது வருஷமாக நாமே அதை வகுப்பில் விளக்கி வந்திருக்கிறோம். ஆனால் இருபது வருஷத்தில் ஒரு நாளாவது ஒரு கொடியின் பக்கத்தில் நின்று, அது உண்மையில் என்ன செய்கிறதென்று பார்த்தோமா? இல்லை. பார்க்க வைத்தவள் அந்தப் பெண்ணேதான்.

ஒரு நாள் இந்த உவமையை நாம் உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்று, "ஐயா, கொடி கொம்புக்காகக் காத்திருக்கிறதா, கொம்பைத் தேடிப் போகிறதா?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் ஆசிரியர்கள் செய்கிற தந்திரத்தை நாமும் செய்தோம். "நீயே பார்த்துச் சொல், அம்மா" என்றோம். அவள் பார்த்தாள், நம்மையும் விடவில்லை.

பள்ளிக்கூட வேலியருகில், யாரும் விதைக்காமல் முளைத்த பாகற்கொடி ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு கணுவிலும், இலைக்குப் பக்கத்தில், நூல்போல் மெல்லியதோர் உறுப்புப் புறப்படுகிறது. பற்றுக்கம்பி என்று பாடப் புஸ்தகங்கள் அதற்குப் பெயரிட்டிருக்கின்றன. அது நீண்டு நிமிர்ந்த பின் சும்மா இருப்பதில்லை. காலை இடைவேளையில் கிழக்கே நீட்டியிருந்த கை, அடுத்த முறை பார்க்கும்போது வேறொரு திசையில் நீட்டியிருந்தது. அன்று இலை அசையக்கூடக் காற்று இல்லை. ஆகவே ஆட்டியது காற்றன்று. இருட்டறையில் சுவரைத் தேடித் துழாவுகிறவனைப்போல் அந்தக் கை வெளியில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

இதை நமக்கு முன்பே பொறுமையாக அளந்தவர் சார்லஸ் டார்வின். 1858-ஆம் வருஷம் ஆஸா கிரே என்னும் அமெரிக்கத் தாவர சாஸ்திரி எழுதிய ஒரு சிறு கட்டுரையைப் படித்து, அவர் அனுப்பிய விதைகளை டார்வின் முளைக்க வைத்தார். நோயினால் அறையில் அடைபட்டுக் கிடந்த நாட்களிலும் தொட்டியில் ஒரு கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் நுனி எப்போது எங்கே இருக்கிறதென்று குறித்து வந்தார். கிரே அனுப்பிய வெள்ளரி இனக் கொடி ஒரு வட்டம் சுற்றிவர ஏறத்தாழ 1 மணி 40 நிமிஷம் ஆயிற்று. இந்த ஆராய்ச்சிகளை அவர் 1865-ல் வெளியிட்டார். 1875-ல் அவை தனிப் புஸ்தகமாகவும் வந்தன.

தேடுவது மட்டுமல்ல, தொட்டதை உணரவும் பற்றுக்கம்பிக்குத் தெரியும். அவர் பரிசோதித்த கொடிகளுள் மிகக் கூர்மையான உணர்ச்சியுள்ள ஒன்று, தொட்ட 25 விநாடிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி வளையத் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மில்லிகிராம் எடையுள்ள நூல் வளையம் ஒன்றை மிருதுவாக வைத்தாலும் அது உணர்ந்துகொண்டது. ஆனால் அதன்மேல் தண்ணீர்த் துளிகள் விழுந்தால் பொருட்படுத்துவதில்லை! ஒவ்வொரு மழைத்துளிக்கும் வளைந்துகொண்டிருந்தால் காரியம் நடக்குமா? எதைப் பற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்கிற பாகுபாடு அந்த நூலிழைக்குள் இருக்கிறது. செடிகளின் உணர்ச்சியைக் கருவிகளால் அளந்து உலகுக்குக் காட்டிய நம் ஜகதீச சந்திர போஸும் பற்றுக்கம்பியின் சுருளலைத் தம் ஆராய்ச்சிக்குரிய விஷயங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

இந்தப் பாகுபாடு இன்னும் நுட்பமாகவும் இருப்பதுண்டு. பிரண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2015-ஆம் வருஷம் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். அக்கொடியின் கை, தன்னுடைய உடலைத் தொட்டால் பெரும்பாலும் சுற்றாமல் விட்டுவிடுகிறது. அதே இனத்தின் வேறொரு கொடியைத் தொட்டால் சுற்றுகிறது. 'தான்' எது, 'பிறிது' எது என்பதை அது ஏதோ ஒரு வகையில் அறிகிறது. தன்னையே பற்றிக்கொண்டு யாரும் மேலேற முடியாது என்ற விவேகம் மனிதருக்கே எளிதில் வருவதில்லை!

பற்றிய பிறகு நடப்பதுதான் பேராச்சரியம். நுனி கொம்பைச் சுற்றிக்கொண்டதும், நடுப்பகுதி தானாகச் சுருளத் தொடங்குகிறது. ஒரு முனை கொம்பில் கட்டுண்டது. மறு முனை தண்டில் கட்டுண்டது. இரு முனையும் கட்டுண்ட கயிற்றை ஒரே பக்கமாகச் சுருட்ட முடியாதல்லவா? ஆகையால் அது பாதி தூரம் வலமாகவும், மறு பாதி இடமாகவும் சுருளுகிறது. இரண்டுக்கும் நடுவில் சிறிது நேரான பாகம் இருக்கும். நேயர்கள் வீட்டுப் பந்தலில் புடலையோ பீர்க்கோ இருந்தால் இப்போதே போய்ப் பார்க்கலாம். இவ்வாறு சுருளும்போது கம்பி குட்டையாகிக் கொடியைக் கொம்பின் அருகே இழுக்கிறது. அதோடு தானும் ஒரு வில்லாகிவிடுகிறது.

அந்த வில்லின் பயன் புயலில் தெரியும். பெருங்காற்று வீசிய ஒரு நாள் டார்வின் வெளியே போய், வேலியில் படர்ந்த கொடி ஒன்றைக் கவனித்தார். கிளைகள் இங்குமங்கும் மோதின. பற்றுக்கம்பிகளோ நீண்டு கொடுத்தும் சுருங்கியும் அறுபடாமல் நின்றன. 2012-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையார் வெள்ளரிக் கொடியை ஆராய்ந்து இதற்கு மேலும் விளக்கம் தந்தார்கள். கம்பிக்குள் நாடாப்போல் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட அதிகமாகச் சுருங்குவதால் முழுக் கம்பியும் சுருளுகிறது. முற்றிய கம்பியை இரு முனையும் பிடித்து இழுத்தால் முதலில் அவிழ்வதற்குப் பதில் இன்னும் சில சுற்றுக்கள் கூடுகின்றன. மெல்ல இழுத்தால் இணங்கும். வலிய இழுத்தால் முறைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட உறுப்பையா நாம் துவள்வதற்கும் நடுங்குவதற்கும் உவமையாக்கினோம்?

இந்தக் கை இலவசமாகக் கிடைத்ததும் அன்று. பட்டாணியில் சிற்றிலைகள் இலைத் தொழிலை விட்டுக் கம்பியாகின்றன. முடக்கொத்தானில் பூங்கொத்தின் காம்பிலிருந்து கம்பி புறப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளில் இலையின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்துப் புதரைப் பிடித்துக்கொள்கிறது. சங்கப் புலவர்கள் காந்தள் இதழைப் பெண்களின் விரலுக்கு ஒப்பிட்டார்கள். அழகான உவமைதான். எனினும் அந்தச் செடிக்கு உண்மையான விரல் மலரில் இல்லை. யாரும் பாடாத இலை நுனியில் இருக்கிறது.

உவமை என்றதும் பாரியின் நினைவு வராமல் இராது. பறம்பு மலைத் தலைவனாகிய அவ்வள்ளல், படரக் கொம்பில்லாமல் நின்ற முல்லைக்குத் தன் தேரையே கொடுத்தான். முல்லைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. கிடைத்ததைத் தழுவித்தான் அது ஏற வேண்டும். அவனுடைய கருணை தகுதியான இடத்தில்தான் சென்றது. ஆனால் கதையின் பிற்பகுதியை நாம் வகுப்பில் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். மூவேந்தர் முற்றுகைக்குப் பின் பாரி மாண்டான். அவனுடைய பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். முல்லைக்குத் தேர் ஈந்தவன் மக்கள் இவர்கள் என்று எடுத்துச் சொல்லியும் கதவு திறக்கவில்லை. கொடிக்குக் கொம்பு கொடுத்தவனுடைய மக்களுக்குக் கொம்பு கொடுக்க ஓர் அரசனும் இல்லை!

அப்படியானால் அவர்கள் வாடிப்போனார்களா? தந்தையையும் மலையையும் இழந்த துயரத்தை அவர்களே பாடினார்கள். புறநானூற்றில் பாரி மகளிர் பெயரால் நிற்கும் அந்தச் சிறு பாட்டை அறியாத தமிழ் மாணவர் இல்லை. மறுத்த மன்னர்களின் பெயர்கள் கபிலர் பாட்டில் நிற்கின்றன. அந்தப் பெண்களோ தம்முடைய சொல்லாலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு யாரோ தமிழ் கற்பித்திருந்தார்கள். அந்தக் கல்வியே அவர்களுக்குக் கையாயிற்று.

இதனால் யாருக்கும் கொழுகொம்பு வேண்டாமென்று நாம் சொல்வதாக நினைக்கக் கூடாது. பற்றுவதற்கு ஒன்றுமே அகப்படாத கம்பி தனக்குள்ளேயே வீணாய்ச் சுருண்டு கொள்ளும், அல்லது வாடி உதிரும். பற்றியதோ தடித்து உறுதிப்படும். பற்று என்ற ஒரே சொல்லால் பிடிப்பையும் அன்பையும் குறித்த தமிழர்கள், ஆதரவைப் பற்றுக்கோடு என்றார்கள். கோடு என்றால் கிளை. பற்றுவதற்குக் கிளை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல்லிலேயே பற்று முன்னே நிற்கிறது, கோடு பின்னேதான் வருகிறது. கை வளர்ந்த பிறகு கொம்பு; அதுவே கொடியின் ஒழுங்கு.

குடியானவரிடம் இவ்வளவையும் நாம் பிரசங்கம் செய்யவில்லை. அவரை வேலியருகில் அழைத்துப் போய்ப் பாகற்கொடியைக் காட்டி, "கொழுகொம்பு என்றீர்களே, கொடியை நாமே எடுத்துக் கொம்பில் சுற்றிவிட்டால் போதாதா?" என்று மட்டும் கேட்டோம். அவர் புடலைப் பந்தல் போட்டுப் பிழைக்கிறவர். நம் அறியாமையைக் கண்டு சிரித்தார். "அது எப்படி, ஐயா? நாம் நாரால் கட்டிக் கொம்பில் ஏற்றிவிடலாம். பிடிக்க வேண்டியது அதுதானே? கை வருவதற்கு முன்னே அவசரப்பட்டு இழுத்தால் நுனி ஒடிந்துபோகும்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். ஒரு கம்பியின் நுனியை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். பந்தலில் தினமும் காண்பதுதான். ஆனாலும் அன்று வேறு எதையோ காண்பவர்போல் பார்த்தார். நாமும் ஒன்றும் பேசவில்லை. பிறகு சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்:

"அந்தக் காலேஜுக்கு நம்ம ஊரிலிருந்து காலையில் பஸ் இருக்கிறதா, ஐயா?"