தோட்டம் போன பிறகு பிள்ளைக்கு யார் பொறுப்பு?

பிள்ளைகளைக் காக்க மலேசியாவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் பீடோங், கூலிம், திகாம் பத்து வட்டாரங்கள் அடங்கிய கெடாவின் ரப்பர் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அருகே தமிழ்ப்பள்ளியும், பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகையும் எழுந்தன. கருணை அல்ல காரணம். தாய் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனால்தான் தோட்டம் நடக்கும். என்றாலும் பிள்ளைக்குப் பொறுப்பாளி யார் என்பது அன்று தெளிவாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்தபோது அந்தப் பொறுப்பு அரசின் கைக்கு வந்தது. அரசோ முதலில் குடியுரிமைப் பத்திரத்தைக் கேட்கிறது.

சிக்கல் இங்கேதான். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும், 2003 முதல் நடப்பில் உள்ள கட்டாய ஆரம்பக் கல்வியும் நல்லவை. ஆனால் கட்டாயக் கல்வி குடிமக்களான பெற்றோர் மீதான கடமை மட்டுமே. அதனால் குடியுரிமையே முதல் கேள்வி. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாத தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளை குடியுரிமைக்குத் தாயின் நிலையையே சார்ந்திருக்கிறது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982இலேயே நடப்புக்கு வந்துவிட்டது. அப்படிப் பதியாவிட்டால், தந்தை குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டைக்காரராக இருந்தும், தாயிடம் குடியுரிமைப் பத்திரம் இல்லாததால் பிள்ளை நாடற்றதாகிவிடலாம். இப்படிப்பட்டவர்களைத் தேடி 2011இல் அரசே மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடத்தியதே, குறை உண்மை என்பதற்குச் சாட்சி.

பெற்றோரின் அலட்சியம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நாள் சம்பளத்தை விட்டு, மலாய்ப் படிவத்தோடு பதிவு அலுவலகத்தில் காத்திருப்பதும் எளிதல்ல. எப்படியானாலும் அந்தத் தண்டனையைப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? அந்நியர் பொய்யாகக் குடியுரிமை பெறுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் விசாரணை நடக்கட்டும். அதற்காகப் பள்ளியும் மருத்துவமும் காத்திருக்கக் கூடாது. 1995இல் ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்த மலேசியா, பெயரும் நாட்டுரிமையும் பற்றிய 7ஆம் பிரிவை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. வேறு சில பிரிவுகளிலும் விலக்கு உண்டு. ஆனால் 7ஆம் பிரிவின் விலக்குதான் மற்ற உரிமைகளின் வேரை அறுக்கிறது. அரசு அதை முதலில் கைவிட வேண்டும். அதுவரை, பெற்றோரே, திருமணத்தைப் பதியுங்கள். பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பையும் பதியுங்கள்.