தடையுத்தரவும் அதன் வரம்பும்

லிங்கராஜபுரத்துத் தமிழன்பர்களுக்கு 144-ஆம் பிரிவைப் பற்றி அறிமுகம் வேண்டுவதில்லை. 1991 டிசம்பரில் காவிரிப் பூசலால் இந்நகரில் கலகம் மூண்டபோதும், 2016 செப்டம்பர் 12-ஆம் நாள் பேருந்துகள் எரிக்கப்பட்டபோதும், கதவைத் தாழிட்டு அஞ்சியிருந்த குடும்பங்களுக்கு ஊரடங்கும் தடையுத்தரவும் அரணாக நின்றன. ஆதலின், சர்க்காருக்கு இத்தகைய அதிகாரமே கூடாதென்று நாம் சொல்லோம்.

எனினும், சட்டம் இயற்றுவோர் மக்களின் பிரதிநிதிகள். தடையுத்தரவு எழுதுபவரோ அதிகாரி ஒருவர். அவசரம் நேர்ந்தால் எவரையும் விசாரியாமலே அவர் உத்தரவிடலாம். ஒருவர் கையெழுத்தினால் நகரம் முழுவதும் கட்டுப்படுமாயின், அக்கையெழுத்துக்கும் ஒரு வரம்பு வேண்டுமன்றோ?

அவ்வரம்பை விளக்கிய வழக்கு நம் நகரிலேயே எழுந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பலர் கூட முனைந்த வேளையில், 2019 டிசம்பர் 18-ஆம் நாள் பெங்களூர்ப் போலீஸ் கமிஷனர் மூன்று நாட்களுக்குத் தடையுத்தரவு பிறப்பித்தார். தலைமை நீதிபதி அபய் ஓகா அவர்களைக் கொண்ட கர்நாடக உயர் நீதிமன்ற அமர்வு, 2020 பிப்ரவரி 13-இல் அது சட்டத்திற்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. துணைக் கமிஷனர்களின் கடிதங்கள் அதில் எடுத்தெழுதப்பட்டிருந்தனவேயன்றி, கமிஷனர் தாமே ஆராய்ந்து முடிவு கண்டதற்குரிய காரணங்கள் இல்லை என்பதே குறை. அதற்கு முந்திய மாதம், ஜனவரி 10-ஆம் நாள், அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றமும், காரணங்கள் எழுதப்பட வேண்டும், உத்தரவு வெளியிடப்பட வேண்டும், தடை ஆபத்தின் அளவை மிஞ்சலாகாது என்று வகுத்திருந்தது.

தடை கழிந்தபின் வந்த தீர்ப்பால் பயன் யாது என்று சிலர் வினவலாம். அடுத்த உத்தரவை எழுதும் அதிகாரிக்கு அது அளவுகோல், அதுவே பயன்.

2024 ஜூலை 1 முதல் பழைய 144-க்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 163-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. அதன்படி, மாநில சர்க்கார் நீட்டித்தாலன்றி உத்தரவு இரண்டு மாதங்களுக்கு மேல் நில்லாது. பாதிக்கப்பட்டவர் அதனை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

பிழைப்பு நாடி இங்கு வந்து வேரூன்றிய நமக்குக் காவலும் வேண்டும், உரிமையும் வேண்டும். ஆகவே அன்பர்களே, இனியொரு தடையுத்தரவு வந்தால் அதற்கு அடங்கி நடப்போம். வதந்தியை நம்பாமல் உத்தரவையே வாங்கிப் படிப்போம். எந்தப் பகுதிக்கு, எத்தனை நாளுக்கு, எக்காரணத்தால் என்ற மூன்றும் அதில் உள்ளனவா என்று பார்ப்போம். இல்லையெனில், முறைப்படி மனுச் செய்யத் தயங்க வேண்டா.