25 சென்டிமீட்டருக்கு அப்பால்

மலத்தோடு ரத்தம் போகிறது என்று வந்தவரைச் சோதிக்க, 1960களின் மருத்துவரிடம் விறைப்பான குழாய் ஒன்று இருந்தது. நீளம் 25 சென்டிமீட்டர். அமெரிக்காவின் ஹோவர்ட் கெல்லி 1895இல் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்தது அது. பெருங்குடலின் நீளமோ ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். மலக்குடலையும் அதையொட்டிய சிறு பகுதியையும் கண்ணால் பார்க்கலாம், மிச்சம் அனுமானம்.

அனுமானத்துக்குத் துணை பேரியம் எனிமா. வெள்ளைக் கரைசலை உள்ளே ஏற்றி எக்ஸ்ரே எடுத்தால், வயதானவர்களின் குடற்சுவரில் பிதுங்கியிருக்கும் சிறு பைகள் நிழலாகத் தெரியும். அவற்றில் எது கசிகிறது என்று தெரியாது. தட்டையாகப் படர்ந்த ரத்தநாளக் கோளாறோ நிழலில் விழவே விழாது. ரத்தம் நிற்காவிட்டால் உத்தேசமாகக் குடலின் ஒரு பகுதியை அறுத்தெடுத்தார்கள். கசிந்த இடம் உள்ளேயே தங்கிவிட, சிலருக்கு மறுபடியும் ரத்தம் போனது.

1969இல் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் கொலனோஸ்கோப் என்ற வளையும் குழாய்க்கருவி வழியாகவே பாலிப் எனும் சதை வளர்ச்சியை அகற்றினார்கள். பெருங்குடல் முழுவதும் கண்ணுக்கு எட்டியது. ஆனால் ரத்தம் பெருகும்போது அந்த ரத்தமே பார்வையை மறைத்தது. அதற்கு வழி செய்தது 1980இல் வந்த பேதிக் கரைசல். இன்று நோயாளி நான்கு முதல் ஆறு லிட்டர் வரை குடிக்கிறார். சோதனையைவிட அதுதான் கொடுமை என்பார்கள். கழுவிய குடலில் கசியும் இடம் தெரிந்தால் கிளிப் போட்டோ, சூடு வைத்தோ அப்போதே அடைக்கலாம்.

அவசரமும் தணிந்திருக்கிறது. ஆபத்தான நிலையில் இருப்போருக்கு 24 மணி நேரத்துக்குள் கொலனோஸ்கோபி என்றது 2016ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல். அந்த வேகத்தால் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2023இல் தளர்த்திவிட்டார்கள். ரத்த அழுத்தம் சரியுமளவுக்குப் பெருக்கெடுத்தால் முதலில் ரத்தநாளங்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம். எக்ஸ்ரே கதிர் வேறு உருவில் முன்வரிசைக்குத் திரும்பியிருக்கிறது. பெருக்கு கடுமையாக இருந்தால் இரைப்பையையும் பார்ப்பார்கள். சிலருக்கு ஊற்று அங்கே இருக்கும்.

பழைய மருத்துவர் நிறையக் கேட்டார்: ரத்தம் சொட்டுகிறதா, மலத்தோடு கலந்திருக்கிறதா, எடை குறைந்ததா, வலி மாத்திரை தின்றாயா? பிறகு விரலால் சோதித்தார். இவற்றின் தேவை இன்றும் குறையவில்லை; அவற்றுக்கு ஒதுக்கும் நேரம்தான் குறைந்துவிட்டது.

ரத்தம் கண்டதும் மூலம் என்று நாமே முடிவுகட்டும் பழக்கமும் போகவில்லை. மூலம் இருப்பவருக்கும் மேலே புற்றுநோய் இருக்கலாம். நாட்டு மருந்தோ களிம்போ தேடுமுன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.