கப்பலைப் பிடிக்க ஒரு விமானம்: சார்ட்டர் பயணத்தில் எதைப் பார்க்கணும்?

குளிர்காலத்தில் கரீபியன் கடலைக் கப்பலில் சுற்றிவர, பிரிட்டன் மக்கள் பலர் சார்ட்டர் விமானத்தில் பார்படாஸ் போகிறார்கள். லண்டனில் இருந்து சுமார் 9 மணி நேரப் பயணம்.

சார்ட்டர்னா என்ன?
சுற்றுலா நிறுவனம் தன் பயணிகளுக்காகவே ஏற்பாடு செய்யும் விமானம். பெட்டிகள் பெரும்பாலும் நேராகக் கப்பல் அறைக்கே போய்விடும்.

வசதி எப்படி?
டியூஐ நிறுவனம் போயிங் 787 ஓட்டுகிறது. இதன் கேபின் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமம். பழைய ரக விமானங்களில் 8,000 அடி வரை. அதனால் களைப்பு குறைவு. ஆனால், எகானமியில் வரிசைக்கு 9 சீட். பிரீமியத்தில் 7தான், காலை நீட்டவும் இடம் கூடுதல்.

லேட்டானால்?
விஷயமே இங்கேதான். தனியாக டிக்கெட் போட்டவருக்காகக் கப்பல் காத்திருக்காது. விமானமும் சேர்ந்த பேக்கேஜ் என்றால், பிரிட்டனின் 2018 விதிகள்படி பயணத்தை ஒழுங்காக நடத்தித் தருவது சுற்றுலா நிறுவனத்தின் பொறுப்பு. விமான நிறுவனத்தின் தவறால் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக இறங்கினால், தலைக்கு 520 பவுண்டு இழப்பீடு கேட்கலாம். சார்ட்டருக்கும் இது பொருந்தும்.

ஆக, புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த விமானம்? டிக்கெட் பேக்கேஜில் சேர்த்தியா?